தண்ணீர் போன வழி



ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் தனியாகச் சைக்கிளில் போய்வந்ததைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். எங்கே தொடங்குவது என்று இரண்டு நாள் யோசித்தேன். எதைத் தொட்டாலும் பேச்சு தண்ணீரில் வந்து நின்றது. அதனால் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் மாரீ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அடிலெய்டிலிருந்து வடக்கே கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். அங்கிருந்து வடமேற்காக மார்லா என்ற இடம் வரைக்கும் சுமார் 620 கிலோமீட்டருக்கு ஒரு மண் சாலை போகிறது. ஊட்னடாட்டா தடம் என்பார்கள். நடுவில் ஊர் என்று சொல்ல இரண்டுதான். 204 கிலோமீட்டர் போனால் வில்லியம் க்ரீக். ஒரு விடுதியும் சில வீடுகளும். அங்கிருந்து இன்னும் 200 கிலோமீட்டர் போனால் ஊட்னடாட்டா. பிறகு மார்லா வரைக்கும் ஒன்றுமில்லை.

நான் போனது ஜூலை மாதம். அங்கே அது குளிர்காலம். பகலில் வெயில் இதமாக இருக்கும். விடியற்காலையில் கூடாரத்தின் மேல் உறைபனி படிந்திருக்கும். கோடையில் அந்தப் பக்கம் சைக்கிளை எடுக்கவே கூடாது. 1960ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி ஊட்னடாட்டாவில் 50.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்தக் கண்டத்திலேயே அதற்கு மேல் இதுவரை பதிவானதில்லை. 2022இல் மேற்குக் கடற்கரையில் ஆன்ஸ்லோ என்ற ஊர் அதைத் தொட்டது, தாண்டவில்லை.

குளிர்காலத்திலும் ஒரு நாளைக்கு எனக்கு ஆறு லிட்டர் தேவைப்பட்டது. குடிக்க, சமைக்க, பல் துலக்க. குளியல் கிடையாது. மாரீயிலிருந்து வில்லியம் க்ரீக்குக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொண்டால் 18 லிட்டர். ஏதாவது ஆனால் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு. ஆக 20 லிட்டர், 20 கிலோ. சைக்கிள், கூடாரம், சாப்பாடு, கருவிகள் எல்லாம் சேர்த்து அதற்கு மேல் ஒரு 40 கிலோ. முதல் நாள் வண்டி எருமை போல நகரும். மூன்றாம் நாள் காலையில் லேசாகி ஓடும். ஆனால் அப்போதுதான் கை பின்னால் போய்த் தண்ணீர்ப் பையை அடிக்கடி தொட்டுப் பார்க்கும்.

இந்தச் சாலை ஏன் இந்த வழியில் போகிறது என்று முதலில் எனக்குத் தெரியாது. வரைபடத்தில் பார்த்தால் காரணமில்லாமல் வளைந்து போவதுபோல் இருக்கும். வடக்கே போக வேண்டிய சாலை, ஐர் ஏரியின் தெற்கு ஓரத்தைச் சுற்றிக்கொண்டு மேற்கே திரும்புகிறது. அந்த வளைவுக்குக் காரணம் ஊற்றுகள்.

ஆஸ்திரேலியாவின் அடியில் பெரும் ஆர்ட்டீசியப் படுகை என்ற நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. பரப்பு 17 லட்சம் சதுர கிலோமீட்டர். கண்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். கிழக்கே குவீன்ஸ்லாந்து மலைத்தொடர்ப் பக்கம் பெய்கிற மழை மணற்பாறைக்குள் இறங்கி, ஆண்டுக்கு ஒன்றிலிருந்து ஐந்து மீட்டர் வேகத்தில் மேற்கும் தெற்குமாக ஊர்கிறது. ஆண்டுக்கு ஐந்து மீட்டர் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். இந்த மேடையிலிருந்து அந்த வாசல் வரைக்கும் போக அதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அப்படி நடந்து நடந்து படுகையின் தென்மேற்கு ஓரத்துக்கு வந்து சேர்கிற தண்ணீரில் பத்து லட்சம் ஆண்டுக்கும் மேல் வயதானதும் உண்டு. ஓரத்தில் பாறை மெலிந்து விரிசல் விட்ட இடங்களில் அது தானாக மேலே வருகிறது. வரும்போது உப்பையும் சுண்ணாம்பையும் மண்ணையும் கொண்டுவந்து வாயைச் சுற்றிக் கொட்டிவைக்கிறது. அது காலப்போக்கில் ஒரு மேடாகிவிடுகிறது. சமவெளியில் தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய புற்று மாதிரி தெரியும். ஏறிப் பார்த்தால் உச்சியில் தண்ணீர்.

இந்த ஊற்றுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி, ஏரியின் ஓரமாக வடமேற்கே போகின்றன. அந்த நிலத்தின் பூர்வகுடிகளான அரபனா மக்களும் அவர்கள் அண்டை மக்களும் காலங்காலமாக அந்தப் புள்ளிகளை இணைத்தே நடந்தார்கள், பண்டமாற்றுச் செய்தார்கள். 1850களின் கடைசியில் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்ற ஆய்வுப் பயணி வந்தார். அதே ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டு பலமுறை முயன்று 1862இல் வடக்குக் கடற்கரையைத் தொட்டார். அவர் போன வழியில் தந்திக் கம்பி போட்டார்கள். 1872இல் அது டார்வின் வரைக்கும் முழுமையாக இணைந்தது. பிறகு ரயில் வந்தது. நீராவி எஞ்சினுக்கும் தண்ணீர் வேண்டுமே. 1891இல் ஊட்னடாட்டாவுக்கும் 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கும் போய்ச் சேர்ந்த அந்தத் தடத்தை, வெள்ளம் அரித்துக்கொண்டே இருந்ததால், 1980இல் மூடிவிட்டார்கள். வழியெல்லாம் அதன் பாலங்களும் கூரை போன நிலையங்களும் இன்னும் நிற்கின்றன. கடைசியாகச் சாலை. அந்தச் சாலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு நான்.

தனிப்பயணம் என்று சொல்லிக்கொண்டுதான் புறப்பட்டேன். அந்தச் சொல்லை இப்போது நான் தயங்கித்தான் பயன்படுத்துகிறேன். பக்கத்தில் ஆள் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு நாளும் என் சக்கரம் யாரோ கண்டுபிடித்து, யாரோ காத்து, யாரோ சொல்லிக்கொடுத்த தண்ணீரிலிருந்து அடுத்த தண்ணீருக்குத்தான் உருண்டது.

இரண்டாம் நாள் மாலை, மாரீயிலிருந்து 120 கிலோமீட்டர் வாக்கில், பப்ளர் என்ற ஊற்றுக்கு வந்தேன். சாலையை விட்டு உள்ளே சில கிலோமீட்டர் போக வேண்டும். மேட்டின் மேல் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஒரு வட்டக் குளம், அவ்வளவுதான். தெளிந்த நீர். அடியில் சாம்பல் நிற மணல். பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த மணல் மெல்ல உப்பும். உலை கொதிக்கத் தொடங்கும் முன் அடியில் ஒரு அசைவு வருமே, அது மாதிரி. பிறகு ஒரு பெரிய குமிழாக எழுந்து, மணலைச் சுழற்றிவிட்டு, அடங்கிவிடும். சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடி உப்பும். சூரியன் மறையும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஹாமில்டன் குன்று என்று ஒரு மேடு. அது செத்துப்போன ஊற்று. அரபனா மக்களின் கதையில் இங்கே ஒரு பெரும்பாம்பு கொல்லப்பட்டது. அந்தக் குன்று அதன் தலை, இந்தக் குமிழி அதன் துடிப்பு. அந்தத் தண்ணீரைக் கண்ணால் பார்த்தவனுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அரபனா மக்களுக்கு இந்த நிலத்தின் மீது பூர்வீக உரிமை உண்டென்று நீதிமன்றம் ஏற்றது 2012இல். ஏரிக்கு ஐர் என்ற பெயரோடு காட்டி தாண்டா என்ற அவர்கள் பெயரும் சேர்ந்தது அதே ஆண்டுதான்.

இப்போது சைக்கிளுக்கு வருகிறேன். சைக்கிள் அங்கே விளையாட்டுக்காகப் போகவில்லை, பிழைப்புக்காகப் போனது. 1890களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் கூல்கார்டிப் பக்கம் தங்கம் கிடைத்தது. மக்கள் வந்து குவிந்தார்கள். தண்ணீர் இல்லை, குதிரை வைத்திருப்பவன் அதற்குத் தண்ணீர் வாங்கியே ஓட்டாண்டியானான். சைக்கிளுக்குத் தீனியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஆகவே தபாலும் அவசரச் செய்தியும் சைக்கிளில் போயின. சாலை எங்கே என்று கேட்பீர்கள். சாலையைப் போட்டவை ஒட்டகங்கள். ஆப்கானிஸ்தான், பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பக்கமிருந்து வந்த ஒட்டகக்காரர்கள் சரக்கு ஏற்றிக்கொண்டு வரிசை வரிசையாகப் போவார்கள். குளம்பு இல்லாத அந்த மெத்துப் பாதங்கள் மிதித்து மிதித்து, புதருக்கு நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று வழவழப்பாக உருவானது. சைக்கிள்காரர்கள் அதைத் தேடிப் பிடித்து அதிலேயே ஓட்டினார்கள். மாரீயில் அந்த ஒட்டகக்காரர்கள் தொழுத மண் பள்ளிவாசலின் நினைவாக ஒரு சிறு மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள். புறப்படும் முன் அதன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றேன்.

1897 மார்ச்சில் ஜெரோம் மூரிஃப் என்பவர் அடிலெய்டை அடுத்த க்ளெனெல்கில் சைக்கிளைக் கடலில் நனைத்துவிட்டுப் புறப்பட்டார். தந்திக் கம்பியைத் துணையாகக் கொண்டு, இரண்டரை மாதத்துக்குள் டார்வின் கடலில் கொண்டுபோய் நனைத்தார். கண்டத்தைத் தெற்கு வடக்காகச் சைக்கிளில் கடந்த முதல் ஆள் அவர். அடுத்து ஆர்தர் ரிச்சர்ட்சன். 1899 ஜூனில் பெர்த்தை விட்டவர் ஆஸ்திரேலியாவையே சுற்றிக்கொண்டு 1900 பிப்ரவரியில் திரும்பி வந்தார். அந்தச் சுற்றை முதலில் முடித்தவர் அவர்தான். கியர் மாற்றும் வசதி இல்லாத சைக்கிள். கூடாரம்கூட இல்லை. இன்று அலுமினிய ரிம்மும் செயற்கைக்கோளோடு பேசும் கருவியும் வைத்துக்கொண்டு போகிற நான் அவர்கள் பெயரைச் சொல்லும்போது தலை குனிகிறேன்.

ஆனால் இந்த வரலாற்றில் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. தண்ணீர் எங்கே இருக்கிறது என்ற அறிவு எல்லா இடத்திலும் கேட்டுப் பெறப்படவில்லை. மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனங்களின் ஊடே மாடுகளை ஓட்டிப் போக ஆல்பிரட் கானிங் 1906இல் வழி அளக்கப் போனார். அந்தந்த இடத்து மக்களைப் பிடித்துக் கழுத்தில் சங்கிலி போட்டுத் தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்ட வைத்தார். உடன் போன சமையல்காரரே புகார் கொடுத்தார். 1908இல் விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. சங்கிலி போட்டதைக் கானிங் மறுக்கவில்லை. ஆணையம் அவரைக் குற்றமற்றவர் என்று விட்டது. அப்படி உருவான 1,850 கிலோமீட்டர் வழிதான் கானிங் ஸ்டாக் ரூட். 2005இல் போலந்துக்காரர் ஒருவர் வெளியுதவி இல்லாமல் அகன்ற டயர்ச் சைக்கிளில் அதைக் கடந்தார். பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. அந்த வழியில் போகிறவர்கள் ஒவ்வொரு கிணற்றடியிலும் அந்தச் சங்கிலியை நினைக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

சாலையைப் பற்றிச் சொல்கிறேன். மேடு பள்ளம் பிரச்சினை இல்லை, நெளிவுதான் பிரச்சினை. தகரக் கூரை பார்த்திருப்பீர்கள். அதைச் சாலையில் பரப்பி அதன் மேல் ஓட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? இளகிய மண்ணில் ஒரு அளவுக்கு மேல் வேகமாகப் போகிற எந்தச் சக்கரமும் இந்த நெளிவை உண்டாக்கும். கார்க்காரர்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் அதன் முகடுகளிலேயே பறந்துவிடுவார்கள். சைக்கிள்காரன் ஒவ்வொரு நெளிவிலும் இறங்கி ஏற வேண்டும். கை மரத்துப்போகும். கேரியர் திருகாணி கழன்று விழும். டயரில் காற்றைக் குறைத்து, சாலையின் ஓரத்திலே மணல் இறுகிய ஒரு சாண் அகலத்தைத் தேடித் தேடி ஓட்டினேன்.

அந்த நெளிவுதான் எனக்கு ஒரு பாடம் வைத்தது. வில்லியம் க்ரீக்கைத் தாண்டிய இரண்டாம் நாள். மதியம் ரொட்டி சாப்பிட நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். வந்த தடத்தில், சக்கரக் கோட்டுக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு நூல் மாதிரி ஈரம். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் போகிறது. பின்னால் போகப் போகக் காய்ந்து மங்குகிறது. கேரியரில் கட்டியிருந்த பத்து லிட்டர்ப் பையின் மூடி ஆட்டத்தில் மெல்ல மெல்லத் திருகிக்கொண்டு வந்திருக்கிறது. பை வயிறு ஒட்டிக் கிடந்தது. மீதி ஐந்து லிட்டர். ஊட்னடாட்டாவுக்கு இன்னும் 110 கிலோமீட்டர், இரண்டு நாள்.

சாகிற நிலைமை இல்லை. முன்னால் ஆல்ஜபக்கினா பாலத்தடியில் வற்றாத மடு ஒன்று உண்டு, காய்ச்சிக் குடிக்கலாம். இதையெல்லாம் அறிவு சொல்கிறது. ஆனால் நாக்கு உடனே வறண்டுவிட்டது. தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: சமையல் இல்லை, நாளைக்கு இரண்டரை லிட்டர். ஒரு மணி நேரம் கழித்துத் தூசி தெரிந்தது. ஓய்வுபெற்ற பின் கேரவனை இழுத்துக்கொண்டு நாடு சுற்றுகிற முதியவர்கள் அங்கே நிறையப் பேர். நரைத்த நாடோடிகள் என்றே அவர்களுக்குப் பெயர். வண்டி நின்றது. அந்த அம்மா கண்ணாடியை இறக்கி, "தண்ணீர் இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்டார். எந்த ஊர், எங்கே போகிறாய் என்பதெல்லாம் பிறகு. அந்த நிலத்தில் வணக்கம் என்பதற்கு அதுதான் சொல்.

தொட்டியிலிருந்து பையை நிரப்பிக் கொடுத்தார்கள். பெரியவர் போகவில்லை. மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடம் பழைய டியூப் இருக்கிறதா என்று கேட்டார். பஞ்சர் ஒட்ட வைத்திருந்த துண்டைக் கொடுத்தேன். கத்தரிக்கோலால் அதில் மோதிரம் மாதிரி ஒரு வளையம் வெட்டி, மூடிக்கும் வாய்க்கும் நடுவே செருகி, இறுகத் திருகி, பையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். ஒரு சொட்டு வரவில்லை. அதற்குப் பிறகு மார்லா வரைக்கும் வரவில்லை.

பஞ்சர் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஊட்னடாட்டாவுக்குள் நுழையும்போது முன் டயர் இறங்கியது. டயரைத் தடவி முள்ளைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், நெருஞ்சி. நம் வயல் வரப்பில் வெறுங்காலில் குத்துகிற, மஞ்சள் பூப் பூக்கிற அதே நெருஞ்சி. தாவரவியலிலும் இரண்டும் ஒரே இனம். ஊரை விட்டு எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. அந்த முள்ளைத் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டேன்.

ஊட்னடாட்டாவில் மழை மேகத்துக்குப் பயந்து ஒரு நாள் தங்கினேன். மழை பெய்தால் தடத்தை மூடிவிடுவார்கள். மீறிப் போனால் அபராதம். நியாயம்தான். அந்தக் களிமண் ஈரமானால் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு தள்ளக்கூட விடாது.

இரவுகளைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். சாலையிலிருந்து நூறடி, இருநூறடி தள்ளிக் கூடாரம் போடுவேன். வறண்ட ஆற்றுக்குள் போடுவதில்லை. எங்கோ பெய்த மழை அங்கே வரும். மாடுகள் தண்ணீர் குடிக்கிற தொட்டிக்குப் பக்கத்திலும் போடுவதில்லை; நான் இருந்தால் அவை தாகத்தோடு தூரத்திலேயே நிற்கும். இருட்டியதும் பால்வீதி தலைக்கு மேல். நாம் விண்மீனை இணைத்து உருவம் பார்ப்போம். அந்த மண்ணின் மக்கள் பலர் விண்மீனுக்கு நடுவில் இருக்கிற இருட்டையே உருவமாகப் பார்த்தார்கள்: தென்சிலுவையின் ஓரத்தில் ஈமு பறவையின் தலை, அங்கிருந்து நீளும் கழுத்து, உடல். முதல் இரண்டு இரவு எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் இரவு தெரிந்தது. அதன் பின் வேறெதுவும் தெரியவில்லை. எங்கோ டிங்கோ நாய் ஊளையிட்டால் முதலில் பயந்தேன். பின்னர் அது வராத இரவில் காது அதைத் தேடியது.

இளைஞர்கள் சிலர் போக விரும்புவதாகச் சொன்னீர்கள். போங்கள். மே முதல் ஆகஸ்ட் வரைக்குள் போங்கள். அவசர சமிக்ஞைக் கருவி இல்லாமல் போகாதீர்கள். எந்த நாளில் எங்கே இருப்பீர்கள் என்று ஒருவருக்காவது எழுதிக் கொடுங்கள். ஊற்று மேடுகளின் மேல் ஏறி மிதிக்காதீர்கள். நெல்மணியை விடச் சிறிய நத்தைகள் அந்தத் தண்ணீரில் வாழ்கின்றன. உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை.

அந்த ஊற்றுகள் தளர்ந்துவருகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். 1878இல் நியூ சவுத் வேல்ஸில் முதல் ஆழ்துளைக் கிணறு பீறிட்டது. பின்னர் ஆயிரக்கணக்கில் தோண்டினார்கள். மூடி இல்லை, குழாய் இல்லை. திறந்த வாய்க்காலில் இரவும் பகலும் விட்டார்கள். பெரும்பகுதி வெயிலில் ஆவியானது. நிலத்தடி அழுத்தம் குறைந்தது, பல ஊற்றுகள் வற்றின. 1999 முதல் அரசு பணம் ஒதுக்கிக் கிணறுகளுக்கு மூடி போட்டு வந்தது. சில இடங்களில் அழுத்தம் திரும்பியிருக்கிறது. இன்னொரு பக்கம், தெற்கே இருக்கிற ஒலிம்பிக் டேம் சுரங்கம் 1980களிலிருந்து இந்தப் படுகையிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறது. தாமிரமும் யுரேனியமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லட்சக்கணக்கான ஆண்டு நடந்து வந்த தண்ணீருக்கு ஒரு குழாயின் கணக்கு மட்டும் போதாது என்று சொல்கிறேன். பப்ளரின் அந்தக் குமிழியைப் பார்த்த நாளிலிருந்து இதில் எனக்கு நடுநிலை இல்லை.

கடைசி நாள் பிற்பகல் மார்லாவின் தார்ச்சாலை தெரிந்தது. பெட்ரோல் பங்கின் பின்புறக் குழாயடியில் ஒரு பெண் சைக்கிளைச் சாய்த்துவைத்துப் பைகளை நிரப்பிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் காலை நான் வந்த வழியில் மாரீக்குப் போகிறார், தனியாக. அவர் வரைபடத்தை விரித்தார். மடுவில் தண்ணீர் நிற்கிறது, கலங்கல்; எந்த நிலையத்துத் தொட்டி வெறும் தொட்டி; எந்த இடத்தில் மணல் இழுக்கும். சொல்லச் சொல்லப் பேனாவால் குறித்துக்கொண்டார். கடைசியில் அவருடைய பையின் மூடியைத் திருகிப் பார்த்தேன். என் டியூப்பில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கத்தரிக்கோலை எடுத்து ஒரு வளையம் வெட்டினேன்.